மரமும் பெயரும்: வன்னியில் ஒரு பயணம்

சங்குப்பிட்டி

கேரதீவைக் கடந்து சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறியதும் சோளகக் காற்று பேருந்தை ஒரு பக்கமாகத் தள்ளியது. இரு மருங்கும் கரைக்கடல் வற்றி, உப்புப் பூத்த சேறு ஆனி வெயிலில் மினுங்கியது. 2011 இல் இந்தப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணத்துக்கும் பூநகரிக்கும் இடையிலான தூரம் சுருங்கிவிட்டது. ஆனாலும் அக்கரையில் நிலத்தின் குணமே வேறு. மதிலும் கேற்றுமாக நெருக்கியடித்து நிற்கும் எங்கள் ஊர் வீடுகள் முடிந்து, பனங்கூடலும் வயல்வெளியும் மாடுகள் படுத்திருக்கும் வீதியும் தொடங்குகின்றன.

இறந்த பிறகு இந்த மண்ணுக்குப் பாரமில்லாமல் போவது எப்படி என்ற கேள்வியோடுதான் வன்னிக்குப் புறப்பட்டேன். இன்று உலகின் பல பக்கங்களில் கேட்கப்படும் கேள்வி இது. இங்கிலாந்தின் கார்லைல் நகரில் 1993 ஆம் ஆண்டு, சீமெந்துக் கல்லறை எதுவும் கட்டாமல் மரங்களின் கீழ் புதைக்கும் இயற்கை மயானம் ஒன்று தொடங்கியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2019 இல், உடலை உக்கவைத்து உரமாக மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பதைச் சட்டபூர்வமாக்கியது. தென்னாபிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு, தனக்கு இருப்பதிலேயே மலிவான பெட்டி போதும் என்று உயிரோடு இருக்கும்போதே சொல்லி வைத்தார். 2022 ஜனவரியில் நடந்த இறுதி ஆராதனையில் அவர் உடல் சாதாரண பைன் மரப்பெட்டியில்தான் இருந்தது. பிறகு அவர் விரும்பியபடியே, நெருப்பில்லாமல் காரநீரில் கரைக்கும் முறையில் இறுதிக் காரியம் நடந்தது.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலுக்கு மருந்தேற்றி வைத்திருக்கிறோம். அந்த மருந்தில் உள்ள போமல்டிஹைட்டை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது. பொலிஷ் பூசிய பெட்டி, பிளாஸ்ரிக் மலர்வளையம், சந்திக்குச் சந்தி கண்ணீர் அஞ்சலிப் பதாகை, வழிநெடுக வெடி என்று செத்தவீடு பெருத்துப் போயிற்று. பெண்கள் நாங்கள் படலையோடு நின்று அழுதுவிட்டுத் திரும்பிவிடுவோம். என் அப்பா எரிந்த இடத்தை நான் கண்ணால் கண்டதில்லை. வன்னிப் பெண்களுக்குப் போர் அந்த விலக்கைத் தரவில்லை. அவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தங்கள் கையாலேயே மண்ணில் வைத்தவர்கள். என் கேள்வியை அவர்களிடம் கேட்பதே சரி என்று பட்டது.

இரணைமாதாநகர்

முழங்காவிலுக்கு அருகே கடலோரத்தில் இருக்கிறது இரணைமாதாநகர். நான் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் வலைக் கொட்டிலில் அமர்ந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். கொடுக்கில் அகப்படாமல் நண்டை எடுக்கும் அவர்களுடைய விரல்களின் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மத்தியானம் அங்கேயே சாப்பிட்டேன். சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை போட்ட நண்டுக்குழம்பு, சின்னமீன் சொதி.

இந்தச் சனத்தின் சொந்த ஊர் கடலுக்குள் இருக்கும் இரணைதீவு. 1992 இல் போரினால் இடம்பெயர்ந்தவர்கள், போர் முடிந்த பிறகும் திரும்பிப்போக விடப்படவில்லை. 2017 மே மாதம் போராட்டம் தொடங்கினார்கள். ஒரு வருடம் காத்திருந்துவிட்டு, 2018 ஏப்ரலில் யாருடைய அனுமதிக்கும் நிற்காமல் படகுகளில் ஏறித் தங்கள் தீவில் போய் இறங்கினார்கள். அவர்களுடைய மாதா கோயிலும் முன்னோரைப் புதைத்த நிலமும் அங்கேதான்.

அதே தீவின் பெயர் 2021 மார்ச் மாதம் நாடெங்கும் அடிபட்டது. கொவிட் காலத்தில், 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி, அந்நோயால் இறந்த எல்லோரையும் எரிக்கவேண்டும் என்று கட்டாயமாக்கியது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் சொன்னார்கள். புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொன்னது. ஆனாலும் முஸ்லிம் குடும்பங்களின் கண்ணீருக்கு முன்னால், பிறந்து இருபது நாட்களே ஆன குழந்தைகூட எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில் அந்தக் கட்டாயம் நீங்கியது. அடுத்த சில நாட்களில், இறந்தவர்களை இரணைதீவில் புதைக்கலாம் என்று அரசு அறிவித்தது. தீவு மக்கள் எதிர்த்து நின்றார்கள். கடைசியில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில், மார்ச் 5 ஆம் திகதி முதல் அடக்கம் நடந்தது.

நண்டு கழற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "முஸ்லிம் சனத்தைப் புதைக்கக் கூடாதெண்டு நாங்கள் நிக்கேல்ல, பிள்ளை. எங்கட தொழிலுக்கும் பயந்தனாங்கள்தான், அது உண்மை. ஆனா அதைவிட, அந்தச் சனத்தை அவையின்ர ஊரில புதைக்க விட்டா என்ன? கடல் தாண்டி ஒரு தீவில கொண்டுவந்து வைச்சா, பெத்தவள் எப்பிடி வந்து பாக்கிறது? இருவத்தஞ்சு வருசம் எங்கட ஆக்களின்ர குழியைப் பாக்க ஏலாமல் இந்தக் கரையில கிடந்தனாங்கள். எங்களுக்குத் தெரியும் அது."

2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை அந்தக் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்டது. சூழல் என்ற பெயரைச் சொல்லி மனிதரின் இறுதி விருப்பத்தைப் பறித்ததை இந்த நாடு கண்டுவிட்டது. பசுமையான அடக்கம் பற்றி இங்கே பேசுகிறவர்கள் இந்தக் கதையைத் தாண்டிப் போகக் கூடாது.

மாலையில் சேமக்காலைக்குப் போனோம். கடல்மணல். பழைய குழிகளின் தலைமாட்டில் மரச்சிலுவை, அதில் வெள்ளைப் பூச்சில் கையால் எழுதிய பெயர். அவற்றுக்கிடையே வெளிநாட்டுக் காசில் மாபிள் பதித்த சில புதுக் கல்லறைகள். 2025 ஏப்ரலில் மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ், தன்னை மண்ணிலேயே அலங்காரமில்லாமல் புதைத்து, 'பிரான்சிஸ்குஸ்' என்ற பெயரை மட்டும் எழுதச் சொல்லி இறுதி விருப்பம் எழுதியிருந்தார். இந்த மீனவர்களின் மரச்சிலுவைகள் அதைத்தான் நெடுங்காலமாகச் செய்து வருகின்றன என்று தோன்றியது.

ஜெயபுரம்

முழங்காவிலில் இருந்து உள்ளே திரும்பினால் ஜெயபுரம். கலவரங்களில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் காடு வெட்டிக் குடியேறிய ஊர்களில் ஒன்று. செம்மண் ஒழுங்கை, கச்சான் தோட்டம், தகரக் கூரை. தேங்காய்ப்பூ போட்ட தடித்த ரொட்டியும் கட்டைச் சம்பலும் வெறுந்தேத்தண்ணியும் தந்த பாட்டி, நான் கேட்காமலே தன் ஆட்களின் வழக்கத்தைச் சொன்னார்.

"எங்க ஆளுங்க பெரும்பாலும் பொதைக்கிறதுதாம்மா. தோட்டத்துல தேயிலைக்குள்ளயே பொதைச்சிருவாங்க. எங்க தாத்தாவ எங்க பொதைச்சீங்கன்னு கேட்டா, எங்கப்பா அந்த மலைய கை காட்டுவாரு. எந்த எடம்னு அவருக்கே தெரியாது. அதுமேல தேயில வளந்துருச்சு, கொழுந்தும் பறிச்சாச்சு. எங்களுக்குன்னு ஒரு சாண் எடமில்லயே."

பெட்டியில்லை, மருந்தில்லை, கல்லில்லை, மேலே ஒரு செடி. மேற்குலகில் காசு கொடுத்துத் தேடும் பசுமை அடக்கத்தின் எல்லா அங்கமும் அந்தத் தேயிலைக் காட்டில் இருந்தன. ஆனால் அந்தப் பாட்டியின் குரலில் பெருமை ஏதும் இல்லை. யாருடைய நிலத்தில், யாருடைய முடிவில், எந்தப் பெயரோடு என்ற மூன்றுக்கும் அங்கே பதில் இருக்கவில்லை.

ஜெயபுரத்தில் அவர் தன் தாயைப் புதைத்தபோது தலைமாட்டில் நாவல் கன்று வைத்தார்கள். "இப்ப பழம் விழுதும்மா. இது எங்க அம்மா மரம்னு பேரப்பிள்ளைங்களுக்குத் தெரியும்" என்றபோதுதான் அவர் முகம் மலர்ந்தது.

புதைப்பது தமிழருக்கு அந்நியம் என்று எங்கள் ஊரில் சொல்லும்போது எனக்கு யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டை நினைவுக்கு வரும். 1980 இல் அங்கே நடந்த அகழ்வில், மண்ணில் நீட்டிக் கிடத்திப் புதைத்த பெருங்கற்கால மனிதரின் எலும்புக்கூடும், எழுத்துப் பொறித்த முத்திரையும் வெளிப்பட்டன. வன்னிக்குத் தெற்கே பொம்பரிப்பில், தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூரில் கிடைத்தவை போன்ற தாழிகள் கிடைத்தன. இன்றும் சைவர்கள் பச்சைக் குழந்தைகளையும் துறவிகளையும் எரிப்பதில்லை. எரிப்பதும் புதைப்பதும் நம்மிடம் பக்கம் பக்கமாகவே இருந்து வந்திருக்கின்றன. எது சரி என்று சண்டை பிடிக்க அதில் ஒன்றுமில்லை.

கனகபுரம்

அக்கராயன் வழியாகக் கிளிநொச்சிக்கு வரும் வழியெல்லாம் குளமும் வயலும். சிறுபோக நெல் பச்சை கட்டியிருந்தது. கிளிநொச்சி நகரம் யாழ்ப்பாணத்தைப்போல அகன்ற கடைகளும் வங்கிகளுமாக நிமிர்ந்துவிட்டது. நகரத்தை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால், போராளிகள் புதைக்கப்பட்ட கனகபுரம் துயிலுமில்லம்.

1990களின் தொடக்கத்தில் விடுதலைப் புலிகள் இறந்த போராளிகளை எரிப்பதை விட்டுப் புதைக்கத் தொடங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக எரித்தே பழகிய சைவக் குடும்பங்களுக்கு அது பெரிய மாற்றம். ஆனால் போய் நிற்க ஒரு இடம், தொட்டு அழ ஒரு கல் கிடைத்ததும், தாய்மாருக்கு அந்த வழக்கம் நெருக்கமாகிவிட்டது. 2009 இல் போர் முடிந்த பிறகு துயிலுமில்லங்கள் கனரக வாகனங்களால் இடித்து நிரவப்பட்டன. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இருந்ததன்மேல் படைத் தலைமையகம் எழுந்தது. கனகபுரத்தை 2016 இல் சனங்களே கூடித் துப்புரவாக்கி, உடைந்த கல்லறைத் துண்டுகளைப் பொறுக்கிக் குவித்து விளக்கேற்றினார்கள்.

அந்தக் குவியல் இப்போதும் இருக்கிறது. அரைப் பெயர், கால் திகதி, ஊரின் கடைசி எழுத்து என்று துண்டு துண்டாக. அங்கே புல் செதுக்க வந்திருந்த ஒரு தாயோடு மர நிழலில் இருந்தேன்.

"என்ர பிள்ளை எந்த வரிசை எண்டு தெரியும். எத்தினையாவது எண்டு இப்ப மட்டுக்கட்ட ஏலாது. கல்லு வைச்சா திருப்பி உடைப்பாங்களோ எண்டு பயம். அதால வேம்பு வைச்சனாங்கள். வெட்டினாலும் அடியில இருந்து வெடிச்சு வரும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எண்டாலும் தங்கச்சி, மரத்தில பேர் எழுத ஏலாதே" என்றார்.

நான் தேடி வந்த விடையின் பாதியை அந்தத் தாய் சொல்லிவிட்டார். கார்லைல் மாதிரியான இடங்களில், அடையாளமில்லாத குழியை ஒரு மனிதர் தானே விரும்பிக் கேட்டு வாங்குகிறார். அவர் எங்கே கிடக்கிறார் என்பது பதிவேட்டில் இருக்கிறது. வன்னியில் அடையாளமில்லாத குழி என்றால் வேறு பொருள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடிப் போராடி வீதியோரக் கொட்டகைகளில் வருடக்கணக்காக இருக்கும் தாய்மாரிடம் போய், கல்லும் பெயரும் மண்ணுக்குப் பாரம் என்று யாரும் சொல்ல முடியாது. இங்கே மரம் வைக்கலாம், கட்டாயம் வைக்கவேண்டும். அதன் அடியில் இருப்பவரின் பெயரும் சேர்ந்தே நிற்கவேண்டும்.

கார்த்திகை மாதம் வந்தால் இந்த மண்ணில் மரம் நடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. வடக்கு மாகாணசபை இயங்கிய காலத்தில், விவசாய அமைச்சராக இருந்த பொ. ஐங்கரநேசன் கார்த்திகையை மரநடுகை மாதமாக முன்னெடுத்தார். மழை தொடங்கும் மாதம் என்பதால் வைத்த கன்று பிழைக்கிறது. பிள்ளையை இழந்த பெற்றோரைக் கூட்டி மதிப்புச் செய்யும் நிகழ்வுகளில் கையில் தென்னம்பிள்ளையோ மாங்கன்றோ கொடுத்து அனுப்புகிறார்கள். அவை வன்னி வளவுகளில் காய்க்கத் தொடங்கிவிட்டன.

முறிகண்டி, ஒட்டுசுட்டான்

முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைக்காமல் ஏ9 வீதியில் யாரும் போவதில்லை. சுடுமணலில் வறுத்த கச்சானை வாங்கிக்கொண்டு மாங்குளம் வந்து, கிழக்கே ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பினேன். அங்கிருந்து காடு. முல்லைத்தீவு மாவட்டத்தின் பாதிக்கு மேல் இன்றும் காடுதான். பாலை, வீரை, முதிரை, கருங்காலி. யாழ்ப்பாணத்தில் ஒரு வேம்பின் கீழ் பத்துப் பேர் நிழலுக்கு நிற்போம். இங்கே நிழல் வீதியின் மேலேயே விழுந்து கிடக்கிறது.

காட்டோரத்தில் வயல் செய்யும் ஒரு பெரியவர் வீட்டில் எருமைத் தயிரும், அன்று பொறுக்கிய பாலைப்பழமும் தந்தார்கள். பாலைப்பழப் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு லேசில் போகாது. பேச்சு விறகுக்குப் போனது.

"முந்தி ஊரில ஒரு சா எண்டால், வீட்டுக்கு ஒரு கட்டை தோளில வரும். செத்தவரின்ர வளவில பட்டுப்போன மரம் நிண்டா அதைத்தான் தறிப்பம். இப்ப உழவு இயந்திரப் பெட்டியில விறகு இறக்கிறாங்கள். பச்சை வீரையையும் சேத்து. ஒரு ஆளுக்கு அவ்வளவு விறகு எதுக்கெண்டு நான் கேக்கிறனான். ஆரும் காது குடுக்கிறேல்ல."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. திறந்த வெளியில் ஒரு உடலை எரிக்க 400 கிலோ அளவில் விறகு போகிறது. அதில் பெரும் பங்கு வெப்பம் காற்றோடு போய்விடுகிறது. இந்தியாவில் 1992 முதல் இயங்கும் மோக்சதா அமைப்பு, உயர்த்திய இரும்புத் தட்டும் புகைபோக்கியும் கொண்ட எளிய சிதைமேடையைப் பரப்பி வருகிறது. கீழிருந்து காற்று ஏறுவதால் விறகு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. கொள்ளி வைப்பதும் கபாலமோட்சமும் மற்றக் கிரியைகளும் வழமைபோல நடக்கலாம். பெரிய நகரத்து மின்மயானம் எட்டாத வன்னிக் கிராமச் சுடலைகளுக்கு இது பொருந்தும்.

விறகையும் காட்டில் தேடவேண்டியதில்லை. சீமைக்கிளுவை வெட்ட வெட்டத் துளிர்க்கும். மண்ணுக்கு இலைப்பசளை தரும். இலங்கை அதை எரிபொருள் மரமாகவே வளர்க்கச் சொல்லி ஊக்குவித்திருக்கிறது. சுடலையைச் சுற்றி நாலு வரிசை சீமைக்கிளுவை நட்டு வைத்தால் வேலியுமாயிற்று, விறகுமாயிற்று. பெரியவரிடம் இதைச் சொன்னேன். "நல்ல காரியம். ஆனா நடுறவனைச் சுடலையில மரம் நடுறான் எண்டு சனம் பேசும்" என்றார். பிறகு, "பேசட்டும்" என்று அவரே சொன்னார்.

தண்ணீரூற்று

முள்ளியவளையை ஒட்டிய தண்ணீரூற்றில் கிணறுகள் மேலாகவே நீர் தருகின்றன. அருகே நீராவிப்பிட்டி முஸ்லிம் மக்களின் பழைய ஊர். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது இந்த ஊரும் வெறிச்சோடியது. போர் முடிந்த பிறகுதான் குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. அவர்களில் ஒருவரான முதியவர் பள்ளிவாசல் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தி, இஞ்சித் தேநீர் தந்து பேசினார்.

"எங்களுக்கு ஒரு மௌத்து வந்தா அண்டைக்கே அடக்கம், மகள். ஊசி மருந்து இல்ல. பெட்டி இல்ல. குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணியில சுத்தி, சந்தூக்கில தூக்கிப் போவம். சந்தூக்குத் திரும்பிப் பள்ளிக்கு வந்திரும், அடுத்த ஆளுக்கு. பணக்காரனுக்கும் அதே துணி, அதே மண்."

மையவாடிக்கு அழைத்துப் போகும்படி அவர் தன் பேரனிடம் சொன்னார். வேப்ப நிழலில் குழிகளின் தலைமாட்டில் மீசான் கட்டைகள், சிலவற்றில் பெயரும் திகதியும். மேலே நட்ட சிறு செடிகள். திரும்பி வந்தபோது இந்த இடம் பற்றைக்காடாகக் கிடந்ததையும், ஒவ்வொரு மீசானாகத் தேடித் துப்புரவாக்கியதையும் முதியவர் சொல்லியிருந்தார். "எங்கட உம்மா வாப்பா கிடக்கிற மண் இது. இருவது வருசம் அகதி முகாமில இருந்து இதைத்தான் நினைச்சனாங்கள். வீடு பிறகு கட்டலாம் எண்டு முதல்ல இதைத்தான் வெட்டினம்."

என் பயணத்தில் கண்டவற்றுள் மண்ணுக்கு மிகக் குறைந்த பாரம் தரும் வழக்கம் இதுதான். அதோடு பெயரும் காக்கப்படுகிறது. பக்கத்து ஊரில் இருந்துகொண்டே நாங்கள் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். அவர்களைத் துரத்திய நாட்களில் இந்த ஊரின் இறந்தோரையும் சேர்த்தே அநாதையாக்கினோம் என்பதை ஒரு தமிழச்சியாக நான் இங்கே சொல்லியே ஆகவேண்டும்.

முள்ளிவாய்க்கால், கொக்குத்தொடுவாய்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் முடிந்து சில நாட்கள்தான். உப்புநீரில் விளக்கெரியும் அந்தத் திருவிழாவுக்கு வந்த சனத்தின் கால் தடம் இன்னும் நந்திக்கடலோர மணலில் இருந்தது. வட்டுவாகல் பாலத்தைத் தாண்டினால், போர் முடிந்த முள்ளிவாய்க்கால். பனைகளில் பல இப்போதும் தலையில்லாமல் நிற்கின்றன.

மே மாதத்தில் சந்திகளில் காய்ச்சும் முள்ளிவாய்க்கால் கஞ்சியை யாழ்ப்பாணத்தில் நானும் குடித்திருக்கிறேன். அரிசியும் தண்ணீரும் உப்பும். 2009 இல் அதைக் குடித்துத்தான் பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்தோம் என்று சொன்ன ஒரு அக்கா, தன் வளவில் என்னை நிறுத்திக் கையால் காட்டினார்.

"இதில பங்கர். மாமி செல்பட்டுச் செத்தவா. தூக்கிக்கொண்டு எங்க போறது? பாயில சுத்தி, அவவின்ர சீலையால மூடி, பங்கருக்குள்ளயே வைச்சு மண் தள்ளினன். நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும்தான். ஆம்பிளையள் ஒருத்தரும் இல்ல. வாய்க்கரிசி போட அரிசி இல்ல. தேவாரம் மட்டும் பாடினன், குண்டுச் சத்தத்துக்குள்ள." ஊருக்குத் திரும்பியதும் அந்த இடத்தை அடையாளம் பிடித்து இலுப்பை நட்டிருக்கிறார். அடியில் ஒரு செங்கல், அதில் ஆணியால் கீறிய பெயர்.

அந்த இலுப்பை நன்றாக வளர்ந்திருக்கிறது. ஆனால் அந்த அடக்கத்தை அவர் தெரிவுசெய்யவில்லை. தெரிவு கிடைத்திருந்தால் மாமிக்கு எட்டுச் செலவும் அந்தியேட்டியும் செய்து, சாம்பலைக் கீரிமலையில் கரைத்திருப்பார்.

அங்கிருந்து தெற்கே கொக்கிளாய்ப் பக்கம் இருக்கிறது கொக்குத்தொடுவாய். 2023 ஜூன் 29 இல் குடிநீர்க் குழாய் தாழ்க்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. 2024 ஜூலையில் அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. அந்த இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். வீதியோரம், புல், மின்கம்பம். குழாய் வெட்டியிராவிட்டால் இன்னும் பல பத்தாண்டுகள் புல் மேலே முளைத்துக்கொண்டே இருந்திருக்கும். மண் உடலை ஏற்றுக்கொள்ளும் வேகத்துக்குப் பெயரையும் விழுங்கிவிடும். அதனால்தான் வன்னியில் பதிவேடு மரக்கன்றைப் போலவே முக்கியம்.

வவுனியா

நெடுங்கேணி தாண்டி வவுனியாவுக்குள் வரும்போது பொழுதுபட்டது. மூன்று மொழியும் காதில் விழும் சந்தை, கொழும்பு பஸ்ஸின் இரைச்சல், கொத்துரொட்டித் தாளம். மலர்ச்சாலை நடத்தும் ஓர் இளைஞர் கடை வாசலில் நின்று பேசினார். விலை கூடிய பெட்டிகள் முன்னுக்கும், சாதாரணப் பலகைப் பெட்டி பின்னுக்குமாக அடுக்கியிருந்தது.

"அக்கா, சாதாரணப் பெட்டியைக் கேட்டு வாங்க வெக்கப்படுகினம். சனம் என்ன சொல்லும் எண்டு. செத்தவர் முதலே சொல்லியிருந்தா பிள்ளையளுக்கு அந்த வெக்கம் இல்ல. ஒருக்கா ஒரு வாத்தியார் எழுதி வைச்சிருந்தவர்: மருந்து ஏத்தாதே, பலகைப் பெட்டி, வெடி வேண்டாம் எண்டு. பிள்ளையள் அந்தக் கடிதத்தை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிப்போட்டு அப்பிடியே செய்தவை."

கண் தானம் பற்றியும் அவர் சொன்னார். ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய இலங்கை கண் தானச் சங்கம் உலகின் பல நாடுகளுக்கு விழிவெண்படலம் அனுப்பி வருகிறது. இறந்து சில மணி நேரத்துக்குள் எடுத்தாகவேண்டும் என்பதால் வீட்டார் அறிந்திருக்கவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கு உடலையே கொடுக்கவும் வழி இருக்கிறது. எதைத் தெரிந்தாலும் முன்பே சொல்லியிருக்கவேண்டும்.

வன்னியின் பிரதேச சபைகளிடம் கேட்க எனக்கு மூன்று காரியம் உண்டு. ஒவ்வொரு மயானத்திலும் ஒரு மூலையை, சீமெந்து கட்டாமல் மரம் நட்டுப் புதைக்க விரும்புவோருக்கு ஒதுக்குங்கள். குழியின் இடமும் பெயரும் மரமும் பதிவேட்டில் ஏறட்டும், பனம்பலகையில் பெயர் நிற்கட்டும். எரிப்போருக்கு விறகு குறைக்கும் சிதைமேடை ஒன்றும் அதைச் சுற்றிச் சீமைக்கிளுவையும் வையுங்கள். மயானத்துக்குள் எந்தச் சாதிக்கும் தனி எல்லை போடாதீர்கள். முதல் இரண்டுக்கும் பெரிய பணம் வேண்டாம், மூன்றாவதற்குப் பணமே வேண்டாம்.

யாழ்ப்பாணம் திரும்பிய கையோடு நான் என் விருப்பத்தை எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். கண்களைக் கொடுக்கவேண்டும். மருந்தேற்றக் கூடாது; வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக என்னை வைத்திருக்க வேண்டாம், அவர்கள் ஆறுதலாக வந்து மரத்தைப் பார்க்கட்டும். பன்பாயில் சுற்றி மண்ணில் வைக்கவேண்டும். மேலே இலுப்பை. தலைமாட்டில் என் பெயர். என் பெண்பிள்ளைகள் படலையில் நிற்காமல் குழிவரை வந்து மண் போடவேண்டும். மூத்தவள் வாசித்துவிட்டு அழுதாள். பிறகு, "நாவலா இலுப்பையா எண்டு வடிவாச் சொல்லுங்கோ அம்மா, பேந்து நாங்கள் சண்டை பிடிக்க ஏலாது" என்றாள். நெடுநேரம் பேசினோம். எங்கள் வீட்டில் மரணத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

உங்கள் விருப்பம் என்னுடையதாக இருக்கவேண்டியதில்லை. எரிக்கச் சொல்லலாம், புதைக்கச் சொல்லலாம், உடலை மாணவருக்குக் கொடுக்கலாம். ஆனால் அதைச் சுகமாக இருக்கும் காலத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒரு தாளில் எழுதுங்கள். நான் வன்னியில் சந்தித்த பெண்களில் பலருக்குத் தங்கள் ஆட்களை எப்படி அனுப்புவது என்று தீர்மானிக்கும் உரிமை கிடைக்கவில்லை. நமக்கு அது கையில் இருக்கிறது. அதை மண் நோகாத விதத்தில் பயன்படுத்துவதும், அந்த உரிமை இன்னொருவருக்கு மறுக்கப்படும்போது அவருக்காகக் குரல் கொடுப்பதும் ஒரே கடமையின் இரண்டு பாதிகள்.